வந்தவர் திரும்பி வராத வியாபாரம்: அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் மாணவர் போட்டோத் தொழில்

மளிகைக் கடைக்காரருக்கு முதல் சொத்து திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்தான். மாதச் சாமான் சீட்டோடு வருகிற ஒரு குடும்பம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நம் கடையை விட்டுப் போகாமல் இருந்தால், அதை நம்பியே கடை நிற்கிறது. இதற்கு நேர் எதிரான வியாபாரம் ஒன்று உண்டு. இந்த ஆண்டு வாங்கியவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். அவருக்கு மனக்குறை எதுவும் இல்லை. அந்தப் பொருள் அவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தேவைப்படும். ஜனவரி வந்தால் கடைக்காரர் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆள் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரர்களின் நிலை இதுதான்.

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய் வந்த நம் உறுப்பினர்கள் அங்கே வரவேற்பறைச் சுவரில் பேரனோ பேத்தியோ மரத்தடியில் சாய்ந்து நிற்கும் பெரிய பிரேம் போட்ட படத்தைப் பார்த்திருக்கலாம். அதற்குக் கொடுத்த தொகையைக் கேட்டால் திகைப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தொகையை வாங்கும் ஸ்டூடியோக்காரர் கொழிக்கிறாரா என்றால், பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்று பார்ப்பது எந்தச் சரக்கு விற்பவருக்கும் பயன்படும்.

யார் இந்த ‘சீனியர்’?

அங்கே பள்ளிப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு முடிகிறது. கடைசி வகுப்பில் இருப்பவரை ‘சீனியர்’ என்பார்கள். ஆண்டுதோறும் 37 லட்சம் பேருக்கு மேல் அப்படிப் பள்ளியை முடிக்கிறார்கள். முடித்த சில மாதங்களில் வெளியூர்க் கல்லூரி, ராணுவம், வேலை என்று வீட்டை விட்டுப் போய்விடுவது அங்கே சாதாரணம். பதினெட்டு வயதுப் பிள்ளை இனி இந்த வீட்டில் நிரந்தரமாக இருக்காது என்பது அந்தத் தாய்க்குத் தெரியும். அந்த ஆண்டு எடுக்கும் படத்துக்குக் கிராக்கி வருவது இதனால்தான். நம்மூரில் கல்யாண ஆல்பத்துக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோமே, அதே மனநிலை.

வழக்கம் பழையது. 1840-களில் இருந்த முறையில் வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும்; அதற்கு நகல் கிடையாது. 1850-களில் கண்ணாடி நெகட்டிவ் வந்த பிறகு ஒரு தடவை எடுத்து எத்தனை காகிதப் படம் வேண்டுமானாலும் போடலாம் என்றாகியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் கே. வாரன் என்ற போட்டோக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். 1860-களில் ஹார்வர்டு போன்ற கல்லூரிகளில் படிப்பை முடிக்கும் வகுப்பை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். மாணவர்கள் சக மாணவர்கள், பேராசிரியர்களின் படங்களை வாங்கி ஆல்பமாகக் கட்டிக்கொண்டார்கள். பின்னாளில் அச்சு மலிந்தபோது அதுவே ‘இயர்புக்’ என்ற ஆண்டு மலராகி, உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இறங்கியது. ஒரு தடவை உட்கார்ந்தால் பல பிரிண்ட் விற்கலாம் என்பதே வாரன் காலத்தில் லாபத்தின் வழி. இன்றும் அதுதான் வழி.

பள்ளிக் கதவை அடைத்துக்கொண்டிருப்பவர்கள்

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் முதலில் முட்டிக்கொள்வது பள்ளி ஒப்பந்தத்தில். பல பள்ளிகள் ஒரே நிறுவனத்திடம் மொத்தமாகப் பட வேலையைக் கொடுத்துவிடும். அந்த நிறுவனம் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் படம் எடுக்கும். அடையாள அட்டை அடித்துக் கொடுக்கும். ஆண்டு மலருக்கான படங்களைத் தரும். பல இடங்களில் விற்பனையில் பள்ளிக்கு ஒரு பங்கும் உண்டு. மினசோட்டாவில் 1936-இல் தொடங்கிய லைஃப்டச் இந்தத் துறையில் மிகப் பெரியது. நெடுங்காலம் ஊழியர்களுக்கே சொந்தமாக இருந்த அந்த நிறுவனத்தை 2018-இல் ஷட்டர்ஃப்ளை நிறுவனம் 82.5 கோடி டாலருக்கு வாங்கியது. பள்ளிப் படம் என்பது எவ்வளவு பெரிய சந்தை என்பதற்கு இந்த ஒரு தொகை போதும்.

ஒப்பந்தக்காரர் எடுக்கும் படம் ஒரே அச்சு. பெண்களுக்குத் தோளைச் சுற்றிக் கறுப்புத் துணி, பையன்களுக்கு கோட்டும் வில் போன்ற கழுத்துப் பட்டையும் அவரே வைத்திருப்பார். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அதே துணியைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். பல இடங்களில் படம் எடுக்கக் கட்டணமே இல்லை. பிரிண்ட் விற்று எடுத்துக்கொள்வார்.

மலரில் ஒப்பந்தக்காரர் எடுத்த படத்தைத் தவிர வேறு எதையும் போடமாட்டோம் என்று சில பள்ளிகள் கறாராக இருக்கின்றன. வேறு சில பள்ளிகள் எந்த ஸ்டூடியோ எடுத்தாலும் சரி, தலை இன்ன அளவு, பின்னணி இன்ன நிறம், இன்ன தேதிக்குள் வர வேண்டும் என்று மட்டும் விதி வைக்கின்றன. சொந்த ஸ்டூடியோ வைக்க நினைப்பவர் கேமரா வாங்குவதற்கு முன் தம் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு பள்ளியின் விதியையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கமிட்டி யாருக்கு டெண்டர் விட்டிருக்கிறது என்று விசாரிக்காமல் மண்டித் தெருவில் இறங்குபவர் உண்டா?

விதி கறாராக இருந்தாலும் சிறு ஸ்டூடியோவுக்கு வழி அடைபடுவதில்லை. மலருக்கு ஒரு படம் ஒப்பந்தக்காரரிடம். வீட்டுக்குத் தனிப் படம் நம்மிடம் என்று இரண்டு இடத்திலும் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். விலையில் பெரியவரோடு மோதுவதுதான் வீண். மோத முயன்ற பெரியவர்களே தாக்குப்பிடிக்கவில்லை: சியர்ஸ், வால்மார்ட் கடைகளுக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்டூடியோக்களை நடத்தி மலிவு விலையில் படம் விற்ற சி.பி.ஐ. கார்ப்பரேஷன், கடனை அடைக்க முடியாமல் 2013 ஏப்ரலில் ஒரே வீச்சில் மூடியது.

சிறு ஸ்டூடியோ விற்கும் சரக்கு

தனி ஸ்டூடியோக்காரர் ஒரு பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவார். மூன்று நான்கு உடை. கால்பந்து ஆடுபவன் அணியின் சட்டையோடு, டிரம்பெட் வாசிப்பவள் டிரம்பெட்டோடு, பண்ணை வீட்டுப் பையன் டிராக்டர் மேல், நாயை விட்டுப் பிரியாதவள் நாயோடு. வெளிப்புறப் படத்துக்கு சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் பொன்னான வெளிச்சம். ஆகவே ஒரு மாலையில் ஒருவரைத்தான் நன்றாக எடுக்க முடியும். கோடையில் பகல் நீளம். அக்டோபரில் இலை சிவக்கும் இரண்டு மூன்று வாரம் எல்லோரும் வேண்டும் என்று அடித்துக்கொள்வார்கள். வட மாநிலங்களில் நவம்பரில் குளிர் வந்து வெளி வேலையை நிறுத்திவிடும். நம்மவர்களுக்கு இதைத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தோடு ஒப்பிட்டால் புரியும்.

பதினேழு வயதுப் பையனைப் படம் எடுப்பது தனிக் கலை. அம்மா கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருப்பார். அவன் கையைப் பையில் போட்டுக்கொண்டு நிற்பான். நல்ல போட்டோக்காரர் முதல் பதினைந்து நிமிடம் கேமராவை எடுக்கவேமாட்டார். திருத்தும் வேலையிலும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். பரு பத்து நாளில் போய்விடும், அதை அழிக்கலாம். மச்சமும் தழும்பும் அந்தப் பிள்ளையின் அடையாளம், கேட்காமல் தொடக்கூடாது. கன்னத்து மச்சம் காணாமல் போன படத்தை எந்தத் தாயும் காசு கொடுத்து வாங்கமாட்டாள்.

கையில் நல்ல கேமரா உள்ள செல்போன் இல்லாத வீடு அங்கே இல்லை. படம் என்ற ஒன்றை மட்டும் விற்பவரால் செல்போனோடு போட்டியிட முடியாது. பையனைச் சிரிக்க வைப்பது, வெளிச்சம் பார்த்து நிறுத்துவது, நாற்பது ஆண்டு நிறம் மங்காத பிரிண்ட், அதற்கேற்ற பிரேம், கெட்டி அட்டை ஆல்பம் என்று முடிந்த பொருளாக விற்பவரே நிற்கிறார்.

ஆள் சேர்ப்பது எப்படி?

படம் எடுக்கும் பருவம் ஜூன் முதல் அக்டோபர் வரை. ஆனால் ஆள் சேர்க்கும் பருவம் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளே கோடைக்கு வாடிக்கையாளர்.

முன்பு ஸ்டூடியோக்காரர்கள் மாணவர் முகவரிப் பட்டியல் கிடைத்தால் வீட்டுக்குத் தபால் அட்டை அனுப்புவார்கள். இப்போது அதைவிடப் பேசப்படும் முறை மாணவர் பிரதிநிதி முறை. ஒரு பள்ளிக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளைத் தேர்ந்து, மற்றவர்களுக்கு முந்தி, வசந்த காலத்திலேயே கட்டணமில்லாமல் படம் எடுத்துத் தருவார்கள். அந்தப் பிள்ளை தன் படத்தை இன்ஸ்டாகிராமில் போடும். ஸ்டூடியோ அச்சிட்ட சிறு அட்டையைத் தோழிகளுக்குக் கொடுக்கும். அதைப் பார்த்து யாராவது வந்தால் அந்தப் பிள்ளையின் கணக்கில் சில பிரிண்ட்களை வரவு வைப்பார்கள். நம்மூரில் புதுச் சோப்பு வந்தால் தெருவுக்கு ஒரு வீட்டில் மாதிரி கொடுப்பதைப் போன்றது.

இதைக் கெடுத்தவர்களும் உண்டு. ஒரு பள்ளியில் முப்பது பேருக்குப் ‘பிரதிநிதி’ பட்டம் கொடுத்து, அவர்களிடமே கட்டணம் வசூலிப்பது சில இடங்களில் நடக்கிறது. பட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் வருவார்கள். மறு ஆண்டு ஊரில் பெயர் கெட்டிருக்கும். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையோடு நேரடியாகப் பேசி முடிப்பதும் தவறு. வயது பதினெட்டு நிறையாத பிள்ளையின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தப் பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதச் சீட்டு வேண்டும். இது சட்டத்துக்காகச் செய்யும் சடங்கு மட்டுமன்று. 2020-இல் கொரோனாவால் பட்டமளிப்பு விழாக்கள் நின்றபோது, அந்த ஆண்டு மாணவர்களுக்கு ஆதரவாகப் பெரியவர்கள் பலரும் தங்கள் பழைய பள்ளிப் படத்தை, பள்ளிப் பெயர், ஆண்டு சகிதம் ஃபேஸ்புக்கில் போட்டார்கள். வங்கிக் கணக்கின் ரகசியக் கேள்விகளுக்கு விடையே அந்த விவரங்கள்தான், மோசடிக்காரர் கையில் கொடுக்காதீர்கள் என்று அங்குள்ள வணிகர் அமைப்பான பெட்டர் பிசினஸ் பீரோ எச்சரிக்க வேண்டியதாயிற்று. பிள்ளையின் முழுப் பெயரையும் பள்ளிப் பெயரையும் படத்தோடு போடாமல் இருப்பது ஸ்டூடியோவுக்கும் நல்லது.

நீண்ட காலம் நிற்கும் ஸ்டூடியோக்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. நமக்கு மிகவும் பழக்கமானது. ஒரு நோட்டு. இந்த ஆண்டு படம் எடுத்துக்கொண்ட பிள்ளையின் தம்பி, தங்கை பெயர், என்ன வகுப்பு, எந்த ஆண்டு சீனியர் ஆவார் என்று அதில் எழுதிவிடுவார்கள். மாணவர் திரும்பி வரமாட்டார்; தாய் திரும்பி வருவாள். மூன்று பிள்ளை உள்ள வீடு மூன்று முறை வரும். அந்த ஆண்டு தொடங்கும்போது, பெரியவனின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்து ஒரு கடிதம் போனால், வேறு கடை தேடும் எண்ணமே அந்த வீட்டில் எழாது.

படம் காட்டும் மேசை

இந்தத் தொழிலில் பணம் புரளும் இடம் கேமராவுக்குப் பின்னால் இல்லை. படம் எடுத்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் குடும்பத்தோடு உட்காரும் மேசையில்தான்.

வாங்கும் முறை நம் ஜவுளிக்கடையைப் போலச் சிக்கலானது. பிடிக்க வேண்டியது பிள்ளைக்கு. தேர்ந்தெடுப்பது தாய். பணம் தருவது பல வீட்டில் தகப்பனார். பாட்டிக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று பங்கு வேறு. ஆகவே பணம் தருபவர் வராத நாளில் படத்தைக் காட்டக்கூடாது என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் விதி. ‘அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று போனால் பாதி விற்பனை அங்கேயே கரைந்துவிடும். இன்டர்நெட்டில் படங்களை ஏற்றி, வீட்டில் பார்த்து ஆர்டர் கொடுங்கள் என்று விட்டாலும் அப்படித்தான். இன்று நாளை என்று தள்ளிப் போய், கடைசியில் ஒரு சின்னப் படத்தோடு முடியும்.

இரண்டாவது, எத்தனை படம் காட்டுவது? இருநூறு எடுத்திருப்பார், முப்பதைத்தான் காட்ட வேண்டும். நூறு புடவையை விரித்துப் போட்டால் வாடிக்கையாளர் குழம்பி எழுந்து போவது ஜவுளிக்காரர்களுக்குத் தெரியாதா? இரண்டிரண்டாக வைத்து இதுவா அதுவா என்று கேட்டுக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

மூன்றாவது, அளவு. அங்கே கணக்கு அங்குலத்தில். 8-க்கு 10 அங்குலம் கொண்ட ஒரு தாள்தான் அடிப்படை. அதே தாளில் 8-க்கு 10 படம் ஒன்று, அல்லது 5-க்கு 7 படம் இரண்டு, அல்லது இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்தில் பணப்பையில் வைக்கும் குட்டிப் படம் எட்டு அடிக்கலாம். லேபில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. ஆகவே தாள் கணக்கில் பேக்கேஜ் கட்டி விற்கிறார்கள். குட்டிப் படத்தின் பின்புறம் நாலு வரி எழுதித் தோழர்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பழக்கம் முன்பு மிகுதி. செல்போன் வந்த பிறகு குறைந்துவிட்டது. சுவருக்கான பெரிய படமும் ஆல்பமும் இப்போது முன்னுக்கு நிற்கின்றன. காலியான சுவரில் 8-க்கு 10 படம் தபால்தலை போலத் தெரியும் என்பதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். ஸ்டூடியோச் சுவரில் மூன்று அளவிலும் மாட்டி வைத்திருப்பவர் ஒரு வார்த்தை பேசாமல் விற்றுவிடுவார்.

விலையை மேசைக்கு வரும்வரை மறைத்து வைக்கும் ஸ்டூடியோக்கள் அங்கே இருக்கின்றன. பிள்ளையின் படத்தைப் பார்த்துத் தாயின் கண் கலங்கும் நேரத்தில் விலைப்பட்டியலை நீட்டினால் கேட்டதைக் கொடுப்பார் என்று கணக்கு. எனக்கு இது சரியாகப் படவில்லை. அன்றைக்குக் கொடுத்துவிடுவார், சனிக்கிழமை பள்ளி விளையாட்டு மைதானத்தில் பத்துத் தாய்மார்களிடம் சொல்லிவிடுவார். தேதி குறிக்கும்போதே விலைப்பட்டியலைக் கையில் கொடுத்து, ‘பெரும்பாலானவர்கள் இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் வாங்குகிறார்கள்’ என்று சொல்லிவிடுவதே கடைக்கு நல்லது. வாங்க முடியாதவர் அப்போதே விலகிக்கொள்வார். இருவருக்கும் சங்கடம் இல்லை.

அடக்க விலையைத் தவறவிடும் இடம்

தொழில் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு தாள் பிரிண்ட் லேபில் மூன்று டாலர், விற்பது ஐம்பது டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தேழு டாலர் லாபம் என்று புதியவர் மகிழ்வார். வாடிக்கையாளரும் அப்படியே நினைத்து, மூன்று டாலர் காகிதத்துக்கு இந்த விலையா என்று கேட்பார். கொள்முதல் விலையை அடக்க விலை என்று நினைத்தால் எந்தக் கடையும் ஓராண்டு தாங்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆண்டுக்கு நிலையான செலவு (கேமராத் தேய்மானம், கம்ப்யூட்டர், இன்ஷூரன்ஸ், சிறு அறைக்கு வாடகை, விளம்பரம், வண்டிச் செலவு) 18,000 டாலர். ஒரு பிள்ளைக்கு முன்பேச்சு, பயணம், படம் எடுப்பது, தெரிவு, திருத்தம், விற்பனை மேசை, ஆர்டரைச் சரிபார்த்துக் கட்டுவது எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம். பருவத்தில் நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள்.

நிலைச்செலவு மட்டும் தலைக்கு 450 டாலர் ஆகிறது. இவர் புதியவர், பிரிண்ட் விற்கும் தொல்லை வேண்டாம் என்று எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டர் கோப்பாக 300 டாலருக்குக் கொடுத்துவிடுகிறார். ஒவ்வொருவரிடமும் 150 டாலர் நஷ்டம். நாற்பது பேருக்கு 6,000 டாலர் கைப்பணம் போனது. 360 மணி நேர உழைப்புக்குக் கூலியும் இல்லை. பருவம் முழுவதும் ஓய்வில்லாத வேலை, வாரா வாரம் கையில் பணம், ஊரில் நல்ல பெயர். ஏப்ரலில் வரிக்கணக்கு எழுத உட்காரும்போதுதான் உண்மை தெரியும்.

அதே நாற்பது பேர் சராசரி 1,000 டாலருக்குப் பிரிண்டும் ஆல்பமும் வாங்கினால்? சரக்குச் செலவு 200 போக தலைக்கு 800, மொத்தம் 32,000. நிலைச்செலவு போக 14,000. நஷ்டம் இல்லை, ஆனால் அங்கே ஒரு குடும்பம் நடத்த இது போதாது. எண்பது பேர் வந்தால் 64,000-இல் 18,000 போக 46,000. ஆள் இரண்டு மடங்கு, மிச்சம் மூன்று மடங்குக்கும் மேல். இதற்கு மேல் வருமான வரி போக, சொந்தத் தொழில் செய்பவர் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்குமாகக் கட்டும் 15.3 சதவீத வரியும் இருக்கிறது. சம்பளக்காரருக்கு அதில் பாதியை முதலாளி கட்டுவார். தனியாகத் தொழில் செய்பவருக்கு முதலாளியும் அவரே.

எண்பது பேர் என்றால் 720 மணி நேரம். இருபது வாரப் பருவத்தில் வாரம் 36 மணி. மழை வந்தால் தேதி மாற்ற வேண்டும். இதனால்தான் சீனியர் படம் ஒன்றையே நம்பி இருப்பவர் குறைவு. குளிர்காலத்தில் குழந்தைப் படம், விளையாட்டு அணிகளின் படம், வசந்தத்தில் தொப்பி அங்கி அணிந்த பட்டமளிப்புப் படம், இடையில் கல்யாணம் என்று அந்த 18,000 டாலரைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போடுகிறார்கள்.

கடன் இல்லை

நம் கடைகளில் கணக்கு நோட்டு இல்லாமல் முடியாது. அங்கே இந்தத் தொழிலில் கடனே கிடையாது. தேதி குறிக்கும்போது கட்டணம் முழுவதும். ஆர்டர் கொடுக்கும்போது தொகை முழுவதும். தவணை என்றாலும் கடைசித் தவணை வந்த பிறகே படம் கைமாறும். காரணம் எளிது. விற்காத பருப்பை இன்னொருவருக்கு விற்கலாம். ஒரு வீட்டுப் பிள்ளையின் படத்தை அடுத்த வீட்டுக்கு விற்க முடியுமா?

விற்பனை வரியும் நம்மைப் போலவே தலைவலிதான். அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஆரிகன் ஆகிய ஐந்து மாநிலங்களில் மாநில விற்பனை வரி இல்லை. மற்ற மாநிலங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு விதி. கலிபோர்னியாவில் படக் கோப்பை இன்டர்நெட் வழியாக அனுப்பினால் விற்பனை வரி இல்லை. அதே கோப்பைச் சிறு நினைவுக் குச்சியில் போட்டுக் கையில் கொடுத்தால் வரி உண்டு.

ரயில் பாதையும் பதிப்புரிமையும்

வளைந்து போகும் தண்டவாளத்தின் நடுவில் நிற்கும் படம் சீனியர்களுக்கு மிகவும் பிடிக்கும். ரயில்பாதை தனியார் சொத்து. அதில் இறங்குவது குற்றம். உயிர்ச்சேதமும் நடந்திருக்கிறது. 1972-இல் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய ‘ஆபரேஷன் லைஃப்சேவர்’ என்ற பாதுகாப்பு அமைப்பு போட்டோக்காரர்களுக்கென்றே தனியாகப் பிரசாரம் செய்துவருகிறது. பழக்கப்பட்ட ஸ்டூடியோக்காரர் கேட்டாலும் மறுத்துவிடுவார். நகராட்சிப் பூங்காக்களிலும் பல ஊர்களில் தொழில்முறைப் படத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

பதிப்புரிமையில் அங்கும் இங்கும் நேர் எதிர் விதி. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி படத்தின் உரிமை எடுத்தவருக்கே. எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒழிய, பணம் கொடுத்த குடும்பத்துக்குப் போகாது. ஸ்டூடியோ படத்தை ஸ்கேன் செய்து பெரிய கடைகளின் பிரிண்ட் கவுன்ட்டரில் நகல் கேட்டால், போட்டோக்காரரின் அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்பார்கள். நகல் விற்றுப் பிழைக்கும் தொழிலுக்கு இந்தச் சட்டம் பெரிய துணை.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. கூலி கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே. நம் ஊர்களில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் பலர் கல்யாணப் பெண்ணின் படத்தையோ, பள்ளிப் பிள்ளையின் படத்தையோ பெரிதாக்கி வாசலில் மாட்டி வைக்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் போடுகிறார்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் அது வாடிக்கையாளரின் சொத்து. ஆர்டர் படிவத்தின் கீழே, படத்தைக் கடையில் காட்சிக்கு வைக்கவும் விளம்பரத்தில் பயன்படுத்தவும் சம்மதம் என்று இரண்டு வரி அச்சடித்து, சம்மதம் இல்லாதவர் அடித்துவிடலாம் என்று குறிப்பும் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட வேண்டும். பதினெட்டு நிறையாத பிள்ளை என்றால் அந்த இடத்தில் தாயோ தகப்பனாரோ கையெழுத்திட வேண்டும்.